நெதர் பிராக்கத்தின் ஏழாவது பெயர்

முதலில் மடத்துக் காரியஸ்தன். இரண்டாவது, வேலியை நடக்கவிட்டவன். மூன்றாவது பாதிரியார். நான்காவது மாவு மில்காரனின் விதவை. ஐந்தாவது, ரயில் விடுகிறேன் என்று பள்ளம் தோண்டிவிட்டு ஓடினவன். ஆறாவது, யுத்த காலத்துக் காப்டன். ஏழாவது... ஏழாவதைப் பிறகு பார்ப்போம். எட்டாவது ஆள், அதோ, குளத்தங்கரையில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த கட்டைவேலி தெரிகிறதே, அந்த வேலிக்குச் சொந்தக்காரன்.

உட்காருங்கள் தம்பி. பெஞ்சு ஈரமில்லை, துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் மெதுவாகத்தான் வரும். நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. இங்கிலாந்தில், இந்த நெதர் பிராக்கத்தில் தமிழ் பேசினால் அது தானாகவே என் காதைத் தேடி வரும். "வீடு பாத்தேன், சுவரெல்லாம் ஓதம்" என்றீர்கள். உங்கள் சம்சாரத்திடம்தானே? சரியாகச் சொன்னீர்கள். அந்த வீடு ஓதம்தான். வாங்காதீர்கள். அல்லது வாங்குங்கள். ஆனால் இன்றைக்கு வாங்காதீர்கள். இன்றைக்கு நீங்கள் வெளியூர்க்காரராக இருப்பது எனக்கு முக்கியம். ஏன் என்று சொல்கிறேன். எதற்கும் ஒரு வரிசை உண்டு.

எந்த ஊர் நமக்கு? விருதுநகரா? நல்லது. அங்கே நமக்குத் தோழர்கள் இருந்தார்கள். நான் கீழத் தஞ்சை. கீரங்கோட்டகம். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை, அதுவே ஒரு கதை.

இப்போது நீங்கள் பார்க்கிற இந்தப் பச்சை, இந்தப் புல்வெளி, குளம், அந்த மூன்று மரம், எல்லாம் சேர்ந்து ஊர்ப் பொது. நம்மூரில் மேய்ச்சல் புறம்போக்கு என்போம். யாருக்கும் சொந்தமில்லை, ஆகையால் எல்லாருக்கும் சொந்தம். இதைத்தான் அந்த எட்டுப் பேரும் வரிசையாகக் கடித்திருக்கிறார்கள். மடத்துக் காரியஸ்தன், வால்ட்டர் மகன் ஹியூ, வாத்துக்கு ஆசைப்பட்டான். வாத்துக்குக் கூண்டு, கூண்டுக்குக் கொட்டகை, கொட்டகைக்கு வேலி. அந்த வேலியோடு ஒரு மூலை போயிற்று. இரண்டாமவன், தாமஸ் காண்ட், பெரிய நிலக்காரன். முள்வேலி வைத்தான். ஒவ்வொரு குளிர்காலமும் உள்பக்கம் வெட்டுவான், வெளிப்பக்கம் நடுவான். வேலி நடந்துகொண்டே வந்தது. நம்மூரில் மண்வெட்டியால் அடுத்தவன் வரப்பைச் சீவுவார்கள். இவன் வேலிக்குக் கால் முளைக்கவைத்தான். வித்தை ஒன்றுதான், வெள்ளைக்காரன் கொஞ்சம் பொறுமைசாலி.

பாதிரியார் கழுதைக்கு ஒரு சாய்ப்பு என்று கேட்டார். கழுதை செத்தது. சாய்ப்பு சாகவில்லை. நான்காவது ஹெஸ்டர் அம்மாள், புருஷன் செத்த பிறகு மில்லுக்காகக் குளத்து வாய்க்காலைத் திருப்பிக்கொண்டாள். அவள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். கைம்பெண், தனியாக மில்லை நடத்தினவள். ஆனாலும் வர்க்கம் வர்க்கம்தான். ஐந்தாமவன் பள்ளம் தோண்டினான், ரயில் வேறு ஊருக்குப் போயிற்று, பள்ளம் இங்கேயே தங்கிவிட்டது. காப்டன், யுத்தத்துக்கு உருளைக்கிழங்கு போடுகிறேன் என்று உழுதான். யுத்தம் முடிந்தது, உருளைக்கிழங்கு முடியவில்லை. ஜெர்மனி சரணடைந்ததுகூட அவன் பாத்திக்குத் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் முதலில் கேட்டபோது சிரித்தேன். ஆனால் யாரிடமிருந்து கேட்டேன் தெரியுமா? எண்பது வயது தாண்டிய மார்ஜரி டஃபின் என்கிற அம்மாள், பழைய டீச்சர், ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டே பாடிக் காட்டினார்.

இருங்கள், வரிசை தவறுகிறது. நான் இங்கே வந்தது எப்படி என்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரம். விவசாயிகள் சங்கத்தில் போடுவார்களே, நாலு பக்கம், சாணித் தாளில். பாரிஸ் கம்யூனும் அதில்தான், பண்ணையாளுக்குக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்ததும் அதில்தான், சூரியனைப் பூமி சுற்றுவதும் அதில்தான். நாலு பக்கத்தில் உலகம் முடிந்துவிடும். ஐந்தாம் பக்கம் இருக்கிற எந்தப் புத்தகத்தையும் நான் இன்றுவரை முழுசாக நம்புவதில்லை.

கீரங்கோட்டகத்தில் மேய்ச்சல் புறம்போக்கை மிராசுதார் வளைத்தார். மூங்கில் வேலி. பிடுங்கினோம். மறுபடி போட்டார், மறுபடி பிடுங்கினோம். முதல் மூங்கிலைப் பிடுங்கியது இந்தக் கை. உள்ளங்கையில் கீறல் இருக்கிறது பாருங்கள். இது ரேகை இல்லை. திருச்சி ஜெயிலில் கிடந்தேன். நான் வெளியே வந்தபோது நிலம் ஊருக்கு வந்திருந்தது. மாடு மேய்ந்தது. அந்தக் காட்சி ஒன்று போதும் என்று நினைத்தேன், தம்பி. போதவில்லை. மனுஷன் அப்படித்தான்.

ரொம்ப வருஷம் கழித்து ஊரில் கும்பாபிஷேகம். மலர் போட்டார்கள், வழவழப்புக் காகிதம். அதில் 'எங்கள் ஊர் வரலாறு' என்று ஒரு பகுதி. 'மேய்ச்சல் நிலத்தை மக்களுக்கு மனமுவந்து அளித்த வள்ளல்' என்று மிராசுதார் போட்டோ. மனமுவந்து! நான் அந்த மலரை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தடவிப் பார்த்தேன், என் பெயர் எங்காவது இருக்கிறதா என்று. பின்னட்டையில்கூட இல்லை. பின்னட்டையில் சிமெண்ட் விளம்பரம்.

சரி, விடுங்கள். நான் பெயருக்கு ஆசைப்படுகிறவன் இல்லை. மகளுக்கு விடுதலைச்செல்வி என்று பெயர் வைத்தேன். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சட்டையில் குத்தியிருக்கிற அட்டையில் செல்வி என்று மட்டும் இருக்கிறது. விடுதலையைக் கத்தரித்துவிட்டார்கள். என்னை இந்த ஊரில் மிஸ்டர் பதி என்கிறார்கள். உத்திராபதியில் உத்திராவைக் காணோம். என் மனைவி போன பிறகு மகள் இங்கே கூட்டி வந்துவிட்டாள். அதோ, பொது நிலத்தை ஒட்டின கடைசி வீடு, நீலக் கதவு, அதுதான். பக்கத்தில் அவரைப் பந்தல் தெரிகிறதா? நம் கைவேலை. பூசணியும் உண்டு. இந்த மண்ணில் இப்படி ஒரு காய்ப்பை யாரும் பார்த்ததில்லை. ஊரே பாராட்டும்.

நிஜமாகத்தான். பக்கத்து நிலத்துக்காரர், டென்னிஸ் என்று பெயர், டிராக்டர் வைத்திருக்கிறவர், பேச்சே கிடையாது, மனுஷன் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "நல்ல வேகமா நடக்குது உங்க பந்தல்" என்றார். இன்னொரு நாள், "முன்னெல்லாம் புல்வெட்டி மெஷின் இதுவரைக்கும் வரும், இப்ப எனக்குப் பெட்ரோல் மிச்சம்" என்றார். நன்றியுள்ள மனிதர். மார்ஜரி அம்மாளோ, "வருஷத்துக்கு வருஷம் நீங்க எங்ககிட்ட நெருங்கி வர்றீங்க மிஸ்டர் பதி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கூடை அவரைக்காய் கொடுத்தனுப்பினேன். பாதிரியார்கூட, பழைய கழுதைப் பாதிரியார் இல்லை, இப்போதைய ஆள், "உங்க பூசணிக்கு எல்லைகளே இல்லை" என்றார். கவிதை மாதிரி பேசுகிறார்களே என்று நினைத்தேன்.

சரி. மார்ஜரி அம்மாளுக்கு வருவோம். இந்த ஊரில் வரலாற்றுச் சங்கம் ஒன்று உண்டு. சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் கூடுவார்கள். டீ, காய்ந்த கேக், முன்வரிசையில் நாலு தலை, எல்லாம் வெள்ளை. சங்கம் என்ற வார்த்தை கேட்டால் நான் போகாமல் இருக்க முடியுமா? செல்வியை மொழிபெயர்ப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குத் தலைப்பு, சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு. மார்ஜரி அம்மாள் எழுந்து, சின்ன வயசில் பெண்பிள்ளைகள் கயிறு தாண்டும்போது பாடுவோம் என்று சொல்லி, இல்லாத கயிற்றைத் தாண்டிப் பாடினார். "ஹியூவுக்கு வாத்து, திருப்பிக் கொடு. தாமஸுக்கு முள்ளு, திருப்பிக் கொடு." இப்படியே காப்டன்வரை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செல்வி, இது பாட்டு இல்லடி, கோஷம்!" என்றேன்.

"மெதுவாப்பா. டீ குடிங்க."

கோஷம்தான். விசாரித்தால் அந்தக் காலத்தில் வருஷா வருஷம் அறுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே குளத்தங்கரையில் கூடி, பொது நிலத்தைத் தின்றவர்கள் பெயரை வரிசையாக உரக்கச் சொல்லுமாம். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம், "திருப்பிக் கொடு!" என்று கத்துமாம். புதிதாக யாராவது வளைத்திருந்தால் அவன் பெயரும் சேரும். சொல்லி முடித்த பிறகு எல்லாரும் அரிவாளும் கோடரியுமாகப் போய் அந்த வேலியை எடுத்துவிடுவார்கள். ஒருவரும் தடுக்கக் கூடாது. எவ்வளவு அற்புதமான அமைப்பு! ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். யுத்தத்துக்குப் பிறகு காப்டன் பெயரை ஒரு தடவை சொன்னதோடு விட்டுவிட்டோம் என்றார் மார்ஜரி அம்மாள். காரணம்? "காப்டனோட மனைவி மனசு கஷ்டப்படும்னு."

பாருங்கள். ஒரு மக்கள் இயக்கம் நாசூக்கில் செத்திருக்கிறது.

அப்போதுதான் அந்த எட்டாவது ஆள் வருகிறான். கிறிஸ்பின் வேல். பெரிய பங்களாவை வாங்கி அதில் கல்யாணம் நடத்திக் கொடுக்கிற தொழில். போன குளிர்காலத்தில், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த வேண்டும் என்று குளத்தங்கரையை வளைத்து அந்த வெள்ளை வேலியைப் போட்டான். குளத்துக்கு இறங்குகிற பாதையே போயிற்று. வாத்துக்கு ரொட்டி போடப் போகிற பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகின்றன. ஊர் என்ன செய்தது? டென்னிஸ், "கொஞ்சம் வருத்தம்தான்" என்றார். அவ்வளவுதான். 'கொஞ்சம் வருத்தம்தான்'! இந்த நாட்டில் வீடு தீப்பிடித்தால்கூட அதைத்தான் சொல்வார்கள்.

நான் விடுவேனா? வரலாற்றுச் சங்கத்தில் எழுந்தேன். பெயர் சொல்லும் நாளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பேசினேன். நல்ல பேச்சு, தம்பி. நிலப்பிரபுத்துவத்தின் கடைசி எச்சங்கள் கல்யாண மண்டப வடிவத்தில் எப்படி உயிர்த்தெழுகின்றன என்று விளக்கினேன். தொண்டை வற்றப் பேசி முடித்தேன். செல்வி எழுந்து இரண்டே வரி சொன்னாள். இரண்டாவது வரி 'நன்றி'.

"என்னடி, அவ்வளவுதானா?"

"சுருக்கமா சொன்னேன்ப்பா. வேலி அவங்களுக்கும் பிடிக்கலையாம்."

ஆனால் கை தட்டினார்கள். மார்ஜரி அம்மாள் கண்ணில் ஒரு மினுக்கு வந்தது. டீச்சர் கண், பழைய தப்புக்கு இன்று தண்டனை கொடுக்கிற கண். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த கூட்டத்துக்குக் கிறிஸ்பினையும் கூப்பிட்டார்கள்.

வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். கையில் அவன் தொழில் விளம்பரப் புத்தகம், கலர் கலராக. அதில் இந்த ஊரின் பழைய பழக்கவழக்கம் என்று இந்தப் பெயர் சொல்லும் நாளையே படம் வரைந்து போட்டிருக்கிறான்! 'எங்கள் பங்களா தலைமுறை தலைமுறையாக மதிக்கும் மரபு' என்று. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஊர் பழமையாக இருந்தால் பிடிக்குமாம். நான் மனதுக்குள் குதித்தேன். தானே எழுதி அச்சடித்துவிட்டான், இனி எப்படி மறுப்பான்?

மறுக்கவில்லை. "தாராளமா நடத்துங்க" என்றான். "ஆனா மரபுன்னா முழுசா இருக்கணும். வரிசை தவறக் கூடாது இல்லையா, மிஸ்டர் பதி?"

"ஒரு நாளும் கூடாது!" என்றேன். மேஜையைத் தட்டினேன். "வரிசை தவறினால் வரலாறு தவறும்!"

"ஒரு பெயரை விட்டாலும் அந்த வருஷம் சொன்னது செல்லாது?"

"செல்லாது! பழைய விதி!"

"ரொம்ப சரி. அப்படின்னா எனக்கு முன்னால ஒருத்தர் இருக்காரே."

எல்லாரும் அவரவர் டீயைப் பார்த்தார்கள். பாதிரியார் கேக்கைப் பார்த்தார். அதுவரை எல்லாவற்றையும் சொல்லிவந்த செல்வி, இந்த ஒன்றை மட்டும் அப்போது மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா எல்லாரும் டீயைப் பாக்கறாங்க?"

"அவரைப் பந்தலைப் பத்திப்பா."

"நல்லா இருக்குன்றானா?"

"ஆமாப்பா. ரொம்ப நல்லா இருக்காம். பொது நெலத்துல இருக்காம்."

நான் எழுந்து நின்றேன். எவன் சொன்னது? ஊரே பாராட்டியதே! டென்னிஸ் பெட்ரோல் மிச்சம் என்றாரே! மார்ஜரி அம்மாள் நெருங்கி வருகிறேன் என்றாரே! செல்வி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "அப்பா, இந்த ஊர்ல திட்டறதுக்குப் பேரே அதுதான்ப்பா."

அவளுக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அந்த மண் சும்மா கிடந்தது. நெருஞ்சிகூட முளைக்காது. நான் உழுதேன், எரு போட்டேன், ஊருக்கே காய் கொடுத்தேன். உழுபவனுக்கே நிலம். இது எங்கள் முதல் கோரிக்கை, முதல் பிரசுரத்தின் முதல் வரி. கிறிஸ்பின் போட்டது ஆக்கிரமிப்பு. நான் செய்தது சாகுபடி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு அரசியலே தெரியாது. என்ன, சிரிக்கிறீர்கள்? காப்டனும் சாகுபடிதான் செய்தானா? தம்பி, அது யுத்த கால உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்குக்கும் அவரைக்கும் குணாம்சத்தில் வேறுபாடு உண்டு. இதைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். 'அவரையும் ஆக்கிரமிப்பும்: ஒரு விளக்கம்.' செல்வி மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"இந்த ஊர்ல எனக்குச் சிநேகிதங்க இருக்காங்கப்பா" என்றாள். "இருக்கணும்ப்பா."

மறுநாள் மார்ஜரி அம்மாள் வீட்டுக்கு வந்தார். கையில் ஜாம் பாட்டில். கூடவே டென்னிஸ். வருத்தமான செய்திக்கு இங்கே ஜாம் கொண்டுவருவார்கள். "இந்த வருஷம் பெயர் சொல்லும் நாள் வேண்டாம்னு பாக்கறோம், மழை வரும் போல இருக்கு" என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. டென்னிஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "யோசிச்சுப் பார்த்தா அந்த வெள்ளை வேலி ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஏழாவது பெயரை உரக்கச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. என் மேல் அவ்வளவு மரியாதை. ஏழாவதைச் சொல்லாமல் எட்டாவதைச் சொல்ல முடியாது. என்மேல் வைத்த அன்பையே முட்டாக வைத்து அவன் தன் வேலியை நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறான். மிராசுதார் அடியாளை வைத்துக் காத்த வேலியை இவன் என் அவரைக்காயை வைத்துக் காக்கிறான்! எவ்வளவு கெட்டிக்காரன், பாருங்கள். நம்மூர் மிராசுதாருக்கு இவ்வளவு மூளை இருந்திருந்தால் அந்தப் புறம்போக்கு இன்றைக்கும் அவரிடம்தான் இருந்திருக்கும்.

"அம்மா, நாள் நடக்கட்டும். என் பெயரை நீங்கள் சொல்லுங்கள்" என்றேன்.

"நான் மாட்டேன்."

"டென்னிஸ் சொல்லட்டும்."

டென்னிஸ் ஜாமைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த அம்மாள் மற்ற விதிகளைச் சொன்னார். பாட்டின் கடைசி அடிகளில் இருக்கிறதாம். குற்றவாளி உயிரோடு இருந்து, தானே முன்னால் வந்து, தகப்பன் பெயரோடு தன் பெயரை உரக்கச் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அத்தோடு தீர்ந்தது. அவன் பெயர் வரிசையில் இருந்து விழுந்துவிடும். மறுவருஷம் யாரும் சொல்லக் கூடாது. சொல்ல மறுத்தால் மட்டும்தான் ஊர் சொல்லும். ஊர் சொல்லிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் அழியாது. ஹியூவைப் பாருங்கள், மடம் இடிந்து எத்தனை நூறு வருஷம், இன்னும் வாத்துக்காரன்தான்.

தம்பி, உங்களிடம் மறைப்பானேன், எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஆயிரம் வருஷம் ஆனாலும் அழியாத வரிசை. வருஷா வருஷம் ஊர் கூடி உரக்கச் சொல்கிற பெயர். சிறுபிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டே பாடும். 'பதிக்கு அவரை, திருப்பிக் கொடு.' சிமெண்ட் விளம்பரத்துக்கு இது தேவலையா இல்லையா?

"நான் மறுக்கிறேன், அம்மா" என்றேன். "கடுமையாக மறுக்கிறேன். ஆகவே ஊர் சொல்லட்டும்."

மார்ஜரி அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார், நோட்டில் காப்பி அடித்தவனைப் பார்க்கிற மாதிரி. "சொல்ல யாரும் வரமாட்டாங்க மிஸ்டர் பதி. எங்களுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அன்பு வைத்தே ஒரு மனுஷனை வரலாற்றில் இருந்து தள்ளிவிடுகிறார்கள், தம்பி. கீரங்கோட்டகத்தில் வெறுப்பால் தள்ளினார்கள். அதையாவது எதிர்த்து நோட்டீஸ் போடலாம்.

ஆக இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் பந்தல் இருக்கும், வெள்ளை வேலியும் இருக்கும். வாயைத் திறந்தால் வேலி விழும், என் பெயரும் விழும்.

என்ன முடிவு செய்தேன் என்று கேட்கிறீர்களா? என்ன கேள்வி இது! எதிரில் ஒரு வேலி நிற்கிறது.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. நேற்று சாயங்காலம் கிறிஸ்பினுக்குச் சொல்லி அனுப்பினேன், நாள் நடக்கும், என் பெயரை நானே சொல்லப்போகிறேன் என்று. அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டதாம். எனக்குப் பிறகு அவன் முறை. தானே சொன்னால் வேலியைத் தானே எடுக்க வேண்டும். மறுத்தால் ஊர் சொல்லும், கிறிஸ்பின் என்ற பெயர் கயிறு தாண்டப் போய்விடும், அவன் புத்தகத்தில் படம் போட்ட அதே மரபில். உடனே கடைசி விதியைத் தேடிப் பிடித்தான். சாட்சியாக ஊர்க்காரர்கள் மட்டும் இருந்தால் போதாதாம். இந்த ஊரில் படுத்தெழாத, இந்த மண்ணில் பங்கில்லாத ஒரு வெளி ஆள் நிற்க வேண்டுமாம். மார்ஜரி அம்மாளும், ஆமாம், பாட்டில் இருக்கிறது என்றுவிட்டார். நேர்மையான அம்மாள், சமயத்தில் ரொம்பத் தொல்லை. வெளி ஆளுக்கு எங்கே போவது? பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் இன்றைக்குச் சந்தையில் இருக்கிறார்கள். செல்வியோடு வேலை பார்க்கிறவர்களுக்கு டியூட்டி. பங்களாவில் இருக்கிறவர்கள் கிறிஸ்பின் சோற்றைத் தின்றவர்கள், அவர்கள் சாட்சி செல்லாது. நான் காலையிலிருந்து இந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு காக்காய் இறங்காதா என்று.

நீங்கள் இறங்கினீர்கள். அதுவும் தமிழ்க் காக்காய்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். வீடு பார்க்க வந்தவரைக் கலவரத்தில் இழுக்கிறான் கிழவன் என்று அந்தப் பக்கம் போய் நின்றிருப்பீர்கள். இப்போது பாருங்கள், எட்டுப் பேரையும் தெரிந்துகொண்டீர்கள். ஓதமான வீட்டுக்காரரைவிட உங்களுக்கு இந்த ஊர் அதிகம் தெரியும்.

மணி அடிக்கிறது. வருகிறார்கள். அதோ மார்ஜரி அம்மாள், தொப்பி வைத்துக்கொண்டு. டென்னிஸ் கையில் கோடரி. துணியில் சுற்றி வைத்திருக்கிறார், நாசூக்கு. குடையோடு வருகிறவன்தான் கிறிஸ்பின். மழையே இல்லை, பாருங்கள், மழை வரும் என்று அவனும் நம்புகிறான். பச்சைக் கோட்டு என் மகள். இன்றைக்கு மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டாமடி என்றேன். கையில் என்ன வைத்திருக்கிறாள்? அட, அரிவாள். பந்தலைப் பிரிக்க நம் வீட்டு அரிவாள். அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

ஐயோ, பஸ். எழுந்திருக்காதீர்கள். நான் கை காட்டினேன், பார்த்தீர்களா? நிற்க அல்ல, போகச் சொல்லி. டிரைவர் நம் ஆள், வாரம் ஒரு பூசணி. அடுத்த பஸ் சாயங்காலம் வரும். அதுவரை வீட்டில் சாப்பாடு, அவரைக்காய்ப் பொரியல், கடைசிக் காய்ப்பு. உங்கள் சம்சாரத்துக்கு போன் போட்டு, பொதுக் காரியம் என்று சொல்லுங்கள்.

வாருங்கள், குளத்தங்கரைக்கு. மெதுவாக, என் முழங்காலை ஜெயிலிலேயே விட்டுவந்தேன். இங்கே நில்லுங்கள், எல்லார் கண்ணிலும் படும்படி. இவர்தான் வெளி ஆள், மார்ஜரி அம்மா! பாருங்கள், தலையசைக்கிறார். கிறிஸ்பின் உங்கள் காலணியைப் பார்க்கிறான், இந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறதா என்று.

ஆரம்பித்துவிட்டார்கள். ஹியூ. கேட்டீர்களா அந்தச் சத்தத்தை? இவர்களுக்கு இவ்வளவு தொண்டை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தாமஸ். நீங்களும் கத்துங்கள், பரவாயில்லை. இல்லை, கத்தாதீர்கள், நீங்கள் சாட்சி. பாதிரியார். இப்போதைய பாதிரியாரும் கத்துகிறார் பாருங்கள், தன் இனத்தையே! ஹெஸ்டர். பள்ளம் தோண்டி. காப்டன்.

நின்றுவிட்டது. பார்த்தீர்களா, எல்லாரும் குளத்தைப் பார்க்கிறார்கள். வாத்துகூடத் திரும்பிக்கொண்டது. கிறிஸ்பின் மட்டும் என்னைப் பார்க்கிறான், இந்தக் கிழவன் திரும்பிப் போய்விடுவான் என்று.

இந்தக் குரங்குக் குல்லாயைக் கொஞ்சம் பிடியுங்கள், தம்பி. தலையில் எதுவும் இருக்கக் கூடாதாம். அடுத்த வருஷம் இந்த இடத்தில் ஆறுக்கு அடுத்து, மறுத்தானென்றால், நேராகக் கிறிஸ்பின்தான், இவர்கள் யாரும் என் பெயரை மறுபடி சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. நீங்கள் வெளி ஆள். உங்களுக்கு அந்த விதி கிடையாது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ஜரி அம்மா, டென்னிஸ், பாதிரியாரே, செல்வி, நீ தலையை நிமிர்த்து. எல்லாரும் கேளுங்கள். அவரைக்கும் பூசணிக்கும் எடுத்த மண், திருப்பிக் கொடுத்தாயிற்று. எடுத்தவன்:

நாகப்பன் மகன் உத்திராபதி!